கஃபார் பாயின் காது

கஃபார் பாய் இசைத்தட்டை உறையிலிருந்து உருவியதும் பாட்டுக்குப் போவதில்லை. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் குட்டிக் கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வலது கண்ணில் பொருத்திக்கொள்கிறார். இடது கையில் கைத்தொலைபேசி விளக்கு. பாட்டுக் கோடுகள் முடிந்து நடுக் காகிதம் தொடங்கும் முன் ஒரு விரற்கடை அகலத்துக்கு வெறும் கறுப்பு வளையம் இருக்கும். தட்டை அச்சடித்தவர்கள் ஊசியால் கீறிய எண்களும் எழுத்துகளும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. தட்டைச் சுற்றிச் சுற்றி அவற்றைப் படிக்கிறார். படித்து முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. பிறகு, கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்கும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி அதிகாரி மாதிரி, "எழுபத்தெட்டு, ஜப்பான், ரெண்டாவது அச்சு. நல்ல பிள்ளை" என்று சொல்லிவிட்டுத்தான் அதை டர்ன்டேபிளில் வைக்கிறார்.

இது ஒவ்வொரு சனிக்கிழமையும் பிற்பகல் இரண்டு மணிக்குச் சிங்கப்பூர் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நடக்கும் காரியம். கீழே மீன்தலைக் கறி. அந்த வாசனையோடு செங்குத்தான மரப்படியில் ஏறினால் வேலாயுதத்தின் பழைய இசைத்தட்டுக் கடை. நான் முதன்முதலாக அங்கே ஏறியது மழைக்கு ஒதுங்கத்தான். ஜாஸ் என்றால் எனக்கு ஹோட்டல் லிஃப்டில் கேட்கும் சத்தம், அவ்வளவுதான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மழை விட்ட பிறகும் நான் இறங்காமல் இருந்ததற்குக் காரணம் பாட்டல்ல, கண்ணாடியைச் செருகிக்கொண்டு நின்ற இந்த மனிதர்.

முழுப் பெயர் அப்துல் கஃபார். வயது அறுபத்திரண்டு. குடும்பம் கடையநல்லூரிலிருந்து வந்தது, இவர் பிறந்தது தஞ்சோங் பகாரில், இப்போது இருப்பது செங்காங்கில். முப்பத்தேழு வருடமாக மின்சாரத் தொழில்நுட்பர். குடியிருப்புப் பேட்டைகளில் 'அபாயம்' என்று நான்கு மொழிகளில் எழுதிப் பூட்டிய கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்களைப் பராமரிப்பது அவர் வேலை. அப்படியொரு கதவைக் கடந்து நடந்தால் ஒரு கணம் நின்று, தலையைச் சாய்த்து, "நல்லாப் பாடுது" என்று சொல்லிவிட்டு மேலே நடப்பார். விடுப்பு நாளிலும் இதுதான். ஒருமுறை பொங்கோலில் ஒரு கதவின் முன் நின்று முகம் சுளித்தவர் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டுவிட்டார். திறந்து பார்த்ததில் உள்ளே ஒரு போல்ட் தளர்ந்திருந்ததாம்.

அது ஒன்றும் மாயமில்லை என்று எனக்கு விளக்கினார். நம் ஊர் மின்சாரம் வினாடிக்கு ஐம்பது சுற்று. டிரான்ஸ்ஃபார்மர், ஃபிரிட்ஜ், பழைய குழல்விளக்கின் சோக்கு எல்லாம் அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டு ஒரே சுருதியில் 'ம்ம்ம்' என்று முனகும். முப்பத்தேழு வருடம் அந்த முனகலுக்குள் நின்று வேலை பார்த்தவருக்கு அது தாலாட்டு மாதிரி படிந்துபோயிருக்கிறது. ஒரு மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் தெரிந்துவிடும். "உங்களுக்கு உங்க வீட்டு காலிங் பெல் தெரியுமில்ல தங்கச்சி, அந்த மாதிரிதான் லா" என்றார்.

ஜாஸ் வந்ததும் அந்த முனகல் வழியாகத்தான். இருபத்தைந்து வயதில் ஒரு ஹோட்டலில் மேடைக்கு அடியில் படுத்து, ஒலிபெருக்கியில் வந்த இரைச்சலுக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். மேலே ஒரு பிலிப்பீன்ஸ் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் தூசியில் உருண்டு, அறுந்துபோயிருந்த எர்த் கம்பியைக் கண்டுபிடித்து முறுக்கினார். இரைச்சல் சட்டென்று நின்றது. நின்ற இடத்தில் ஒரு சாக்ஸஃபோன் தனியாக இருந்தது. வெளியே வராமல் இன்னும் ஒரு மணி நேரம் அங்கேயே படுத்திருந்தார். மேற்பார்வையாளர் காலைப் பிடித்து இழுத்த பிறகுதான் வந்தாராம்.

இப்போது மகள் அஃப்னா திருமணமாகிப் போன அறையில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் தட்டுகள் நிற்கின்றன. மனைவி அஸ்மத் போட்ட சட்டம் ஒன்று உண்டு: ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். அதனால் பாய் ஒரு தட்டை வாங்குவது பெண் பார்ப்பது போல மாதக்கணக்கில் நடக்கும். அசல் பதிப்புகள் பக்கம் அவர் போவதே இல்லை. அவர் தேடுவது மறுபதிப்புகளை மட்டும். அதிலும் எந்த ஊரில், எந்த வருடம், யார் கைபட்டு அச்சானது என்று பார்த்துப் பார்த்து. அசல் தட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்ப்பவர்கள் பார்க்கட்டும், அறுபது வருடம் ஊசி உழுத தட்டில் கேட்க என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி. ஜப்பானிய மறுபதிப்புகளின் உறையைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை இருக்கும். அதைப் படிப்பதற்காகவே ஐம்பது வயதில் அந்த எழுத்துகளைக் கற்றார். 'பியானோ', 'மோனோ', 'மறு அச்சு' எல்லாம் தடையில்லாமல் படிப்பார். ஜப்பானிய உணவகத்துக்கு அழைத்துப்போனால் தண்ணீர்கூடக் கேட்கத் தெரியாது.

அவர் பதினோரு வருடம் தேடிய தட்டு ஒன்று உண்டு. எல்பர்ட் கிரேன்ஸ் என்ற பியானோக்காரர் அமெரிக்காவின் ஏரிக்கரை நகரம் ஒன்றில், 'லாண்டர்ன் ரூம்' என்ற சிறு மதுக்கூடத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை வாசித்ததை அப்படியே பதிவுசெய்த தட்டு. அசல் பிரதிகள் சில நூறுதான். 1991இல் ஜப்பானில் ஒரு மறுபதிப்பு வந்தது, அதுவும் போன இடம் தெரியவில்லை. பாய் பினாங்குக்கும் ஒசாக்காவுக்கும் கடிதம் எழுதினார். ஈப்போவில் ஒருவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பேருந்தில் ஒன்பது மணி நேரம் போனார். உறை அதுதான். உள்ளே இருந்தது, 'இடுப்பைக் குறைக்கப் பன்னிரண்டு பயிற்சிகள்'. வெறுங்கையோடு திரும்ப மனம் வராமல் அதையே வாங்கி வந்தார். அஸ்மத் இன்றும் அந்தத் தட்டைப் போட்டுப் பயிற்சி செய்கிறார். வீட்டில் சட்டம் முதன்முதலாக மீறப்பட்டது அப்போதுதான்.

அந்த 1991 மறுபதிப்பு இதே சிங்கப்பூரில் ஒருவரிடம் இருந்தது என்பதுதான் கொடுமை. சனிக்கிழமைக் கூட்டத்தில் பெரிய தலை, பல் மருத்துவர் குமரன். தட்டை வெளியே எடுத்து வர மாட்டார். யாரையும் வீட்டுக்கு அழைக்கவும் மாட்டார். "அந்தப் பியானோவுல ஒரு சோம்பல் இருக்கு பாருங்க, உலகத்துல யாருக்கும் வராது" என்று மட்டும் வாரம் தவறாமல் சொல்வார். அந்த மறுபதிப்பு உறையின் பின்பக்கக் கட்டுரை முதல் பிற்கால விமர்சகர்கள் வரை எல்லாரும் புகழ்ந்தது அந்தச் சோம்பலைத்தான்.

குமரனுக்கும் பாய்க்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஒன்பது வருடங்களுக்கு முன் பாய் ஓர் அமெரிக்க மறுபதிப்பைக் கேட்டுவிட்டு, அதன் பின்னணியில் இருக்கும் முனகல் ஐம்பதுக்கு வரவில்லை, தட்டு தாறுமாறான வேகத்தில் ஓடுகிறது என்று அந்த நிறுவனத்துக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினார். நண்பர்களிடமும் பறைசாற்றினார். பதில் ஒரே வரி: 'ஐயா, எங்கள் நாட்டில் மின்சாரம் அறுபது சுற்று.' வாழ்நாளெல்லாம் ஐம்பதோடு குடித்தனம் நடத்தியவருக்கு உலகமே ஐம்பது என்று நினைப்பு. தொழிற்கல்லூரியில் படித்ததுதான், அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று யாராவது விட்டிருக்கலாம். குமரன் விடவில்லை. கடிதத்தைக் கூட்டத்தில் உரக்கப் படித்தார். அன்றிலிருந்து கஃபார் பாய், 'ஐம்பது பாய்' ஆனார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அதன் பிறகு எந்தத் தட்டைப் பற்றியும் அவர் அபிப்பிராயம் சொல்லி நான் கேட்டதில்லை. கீறலைப் படித்து ஊரையும் வருடத்தையும் சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்.

போன ஆண்டு மார்ச்சில் வேலாயுதத்துக்குத் தோக்கியோவிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. மூன்றே பேர் நடத்தும் ஒரு சிறு நிறுவனம் லாண்டர்ன் ரூம் தட்டை மறுபடியும் கொண்டுவருகிறது. எண்ணூறு பிரதிகள். மொத்தமாக அச்சடிக்கும் முன் கேட்டுப் பார்த்துச் சரி சொல்வதற்காக, வெள்ளைக் காகிதம் ஒட்டிய சோதனைத் தட்டுகள் ஐந்து எடுத்து, அதில் ஒன்றைச் சிங்கப்பூருக்கு விற்பனையாளர் என்ற முறையில் இவருக்கும் அனுப்பியிருந்தார்கள். பத்து நாளில் பதில் வேண்டும். சனிக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. பாய் அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கண்ணாடியைச் செருகிக் கீறலை இரண்டு முறை படித்தார்.

முதல் பாட்டு முழுக்கக் கண்ணை மூடியிருந்தார். இரண்டாவதில் எல்லாரும் ஓய்ந்து பாஸ் வாத்தியம் மட்டும் தனியாக ஒரு நிமிடம் பேசும். அதன் பின்னால், மதுக்கூடத்தின் ஃபிரிட்ஜ் ஓடும் முனகல் மெல்லக் கேட்கும். அந்த இடத்தில் பாயின் கண் திறந்தது. திறந்தது திறந்தபடி இருந்தது. பக்கம் முடிந்து எல்லாரும் ஆகா, ஓகோ என்று சொல்லிக்கொண்டிருக்கையில், அவர் மட்டும் எழவு வீட்டுக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

"இது ஸ்லோவா ஓடுது" என்றார் கடைசியில்.

குமரன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "பாய், கம் ஆன். மறுபடியும் ஐம்பதா? அமெரிக்காவுல அறுபதுன்னு உங்களுக்கு லெட்டரே போட்டாங்களே."

"அதான் டாக்டர். அன்னிக்குக் கத்துக்கிட்டேன். இது அறுபதுக்கு வரல."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. டர்ன்டேபிள் தப்பாக ஓடுகிறதோ என்று ஒருவர் கேட்க, வேலாயுதம் புள்ளி வளையங்கள் அச்சிட்ட சோதனை அட்டையை வைத்து, வேகம் சரியென்று காட்டினார். அப்படியானால் பாயின் காதுதான் தப்பு என்றார்கள். குமரன் தன் கைத்தொலைபேசியில் சுருதி அளக்கும் ஒரு செயலியைத் திறந்து பார்த்தார். அதிலும் எண் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டியது. ஃபோன் மைக்கில் பல்வலியா கண்டுபிடிக்க முடியும் என்று அதையும் அவரே தள்ளுபடி செய்தார். இந்தத் தட்டை முப்பது வருடமாகக் கேட்கிறேன், இந்தச் சோம்பலுக்காகத்தான் உலகமே கேட்கிறது, அதை மெஷின் கோளாறு என்கிறீர்களே என்று அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. நியாயமான கோபம் என்றுதான் எனக்கும் பட்டது.

வேலாயுதம் மதில் மேல் பூனையாக நின்றார். தோக்கியோக்காரர்களுக்கு என்ன எழுதுவது என்று பாயையே கேட்டார்.

"நிறுத்தச் சொல்லுங்க. எண்ணூறு பேரு தப்பாக் கேக்கப் போறாங்க." பிறகு குமரன் பக்கம் திரும்பினார். "அடுத்த சனிக்கிழமை நிரூபிக்கிறேன் டாக்டர். நான் சொன்னது தப்பா இருந்தா, இந்தப் படி ஏற மாட்டேன்."

அவருக்கு ஜாஸ் பேச இந்த மாடியைத் தவிர வேறு இடம் கிடையாது. வேலையிடத்தில் அவரைப் புரியாது, வீட்டில் அஸ்மத்துக்குப் பன்னிரண்டு பயிற்சிகள் போதும். வாரம் முழுவதும் அவர் காத்திருப்பது இந்த மூன்று மணி நேரத்துக்குத்தான் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். சும்மா இருந்திருந்தால், பதினோரு வருடம் தேடிய தட்டு தானாக மடியில் வந்து விழுந்திருக்கும். வாயைக் கொடுத்து வம்பை விலைக்கு வாங்கிக்கொண்டாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. திரும்பும் வழியில் அவரிடமே சொன்னேன். "கேட்டுட்டேனே தங்கச்சி. கேக்காத மாதிரி எப்படி இருக்கிறது?" என்றார்.

நிரூபிக்க அவருக்கு அறுபது சுற்று மின்சாரம் வேண்டும். சிங்கப்பூரில் எந்தச் சுவரில் எந்த ஓட்டையில் கம்பியைச் செருகினாலும் ஐம்பதுதான் வரும். எங்கே போவார் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் அவர் யோசித்து முடித்திருந்தார். கப்பல்கள் ஓடுவது அறுபதில். அதனால் கப்பல் மோட்டார்களைப் பழுதுபார்ப்பவர்கள் சோதனைக்காக அறுபது சுற்று மின்சாரத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொள்வார்கள். துவாஸில் அப்படியொரு பட்டறையில் இருதயராஜ் ஃபோர்மன். தொழிற்கல்லூரியில் பாயோடு ஒரே பெஞ்சு.

என்னிடம் கார் இருக்கிறது என்ற ஒரே தகுதியால் நானும் இதில் மாட்டிக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை பாயும் வேலாயுதமும் பின்னால், குமரன் என் பக்கத்தில். தட்டுக்கும் ஓர் இருக்கை கொடுத்து, பாய் இருக்கைப் பட்டையை அதைச் சுற்றி மாட்டினார். ஜூரோங் தாண்டியதும் குமரன் தன் வெள்ளைக் காலணியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

பட்டறையில் அரைநாள் வேலை முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். இருதயராஜ் மட்டும் பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பியோடு காத்திருந்தார். ஆள் உயர மோட்டார்களுக்கு நடுவே ஒரு பலகை. பாய் அதன் மேல் பேட்டரியில் ஓடும் சிறிய பிளேயரை வைத்தார். அதில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. அதைச் சுழியில் நிறுத்திப் புள்ளி அட்டையால் வேகத்தைச் சரிபார்த்தார். பையிலிருந்து பழைய குழல்விளக்கின் சோக்கு ஒன்றை எடுத்து இருதயராஜிடம் கொடுத்தார். இருதயராஜ் அதைக் கப்பல் மின்சாரத்தில் மாட்டி சுவிட்சைத் தட்டினார். சோக்கு 'ம்ம்ம்' என்றது. நம் வீட்டுச் சோக்கைவிடக் கொஞ்சம் கறாரான குரல். "இதுதான் அறுபது" என்றார் பாய், மருமகனை அறிமுகப்படுத்துவது போல.

தட்டில் பாஸ் தனியாக வாசிக்கும் இடத்தில் ஊசியை வைத்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. குமரனுக்கும் கேட்கவில்லை, முகத்தில் அது நன்றாகவே தெரிந்தது. பாயின் நெற்றியில் வியர்வை. சுற்றிலும் பார்த்தார். மேலே பெரிய காற்றாடி ஒன்று தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. "டேய் ராஜு, அதை நிப்பாட்டுடா" என்றார்.

காற்றாடி நின்றது. தகரக் கூரையின் வெப்பம் அப்படியே தலையில் இறங்கியது. மறுபடியும் ஊசி. இப்போது கேட்டது. தட்டிலிருந்து வரும் ஃபிரிட்ஜ் முனகலும் பலகையில் இருக்கும் சோக்கு முனகலும் ஒன்றோடொன்று உரசி, வ்வா... வ்வா... வ்வா... என்று அலை அலையாக ஏறி இறங்கின. இரண்டும் ஒரே சுருதியாக இருந்தால் அலை வராது என்றார் இருதயராஜ் என் காதருகே. அலை வினாடிக்கு மூன்று, மூன்றரை. எண்ணுகிற அளவுக்குத் தெளிவு.

குமரன் குனிந்து ஸ்பீக்கரைப் பார்த்தார், அதைத் தள்ளி வைத்துப் பார்த்தார். அலை போகவில்லை. பாய் குமரனின் கையைப் பிடித்துத் திருகின் மேல் வைத்தார். "நீங்களே திருப்புங்க டாக்டர். மெதுவா."

பல் மருத்துவரின் விரல்களுக்கு மெதுவாக என்றால் என்னவென்று தெரியும். திருகு இம்மி இம்மியாக ஏறியது. பாய் ஊசியைத் தூக்கித் தூக்கிப் பாஸின் தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார். அலை நீண்டது. வ்வா... ஆ... வ்வா... ஆ... ஆ. வினாடிக்கு இரண்டு. பிறகு ஒன்று. பிறகு ஒரு மூச்சு நேரத்துக்கு ஒன்று. பிறகு அலை இல்லை. எது சோக்கு, எது அறுபது வருடத்துக்கு முந்தைய ஃபிரிட்ஜ் என்று பிரிக்க முடியாமல் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இந்த முறை பாய் ஊசியைத் தொடவில்லை. பாஸ் தன் பேச்சை முடித்தது, பியானோ உள்ளே வந்தது.

எனக்கு ஜாஸ் தெரியாது என்று முன்பே சொல்லிவிட்டேன். ஆனால் போன வாரம் கடையில் கேட்டது இந்தப் பியானோ அல்ல என்று எனக்கே தெரிந்தது. சோம்பல் எங்கே போயிற்றோ. அந்த மனிதர் அன்று நல்ல உற்சாகத்தில், யாருக்கோ எதையோ சொல்லியே ஆக வேண்டும் என்ற அவசரத்தில் வாசித்திருக்கிறார். டிரம்ஸ்காரர் பின்னால் சிரிக்கிறார், சிரிப்பது கேட்கிறது. அந்த வெக்கையில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதை மறைக்கவும் நான் முயலவில்லை. குமரன் திருகிலிருந்து கையை எடுக்காமல் அந்தப் பக்கம் முடியும்வரை நின்றபடியே கேட்டார். திருகு மூன்றில் நின்றிருந்தது.

"முப்பது வருஷம், பாய்" என்றார் முடிந்ததும். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வைதான் என்று எடுத்துக்கொள்வோம்.

வேலாயுதம் அத்தனையையும் கைத்தொலைபேசியில் பிடித்திருந்தார். அன்றே தோக்கியோவுக்கு அனுப்பினார். நான்கு நாள் சத்தமில்லை. அந்த நான்கு நாளும் பாய் வேலாயுதத்துக்கு ஃபோன் பண்ணவில்லை. எனக்குத்தான் தினம் இரண்டு முறை பண்ணி, வேறு எதையாவது பேசுவார். ஐந்தாம் நாள் கடிதம் வந்தது. அவர்கள் பயன்படுத்தியது 1991இல் யாரோ எடுத்து வைத்த நகல். இந்தக் காணொளியைப் பார்த்த பிறகு மூல நாடாவையே வரவழைத்திருக்கிறார்கள். அதன் தொடக்கத்தில் வேகத்தைச் சரிபார்ப்பதற்கென்றே ஒரு சோதனை ஒலி இருந்திருக்கிறது. நகல் எடுத்தவர், இது பாட்டு இல்லையே என்று அதை வெட்டிவிட்டார். அதை வைத்து அளந்ததில் வேகம் மூன்று சதவீதம் குறைவு. அச்சு வேலை நிறுத்தப்பட்டது. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்கிறோம், சிங்கப்பூரில் அந்தக் காது யாருடையது என்று கேட்டிருந்தார்கள்.

எண்ணூறு பிரதிகளும் ஆகஸ்டில் வந்தன. ஒன்பது நாளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உறையின் பின்பக்கம், ஒலிப்பொறியாளர் பெயருக்குக் கீழே, 'வேகத் திருத்தம்: அப்துல் கஃபார், சிங்கப்பூர்' என்று இருக்கிறது. பாய் தன் நகைக்கடைக் கண்ணாடியைச் செருகி அதைப் படித்துவிட்டு, எழுத்து சிறிதாகப் போய்விட்டது என்றார். அஸ்மத், ஃபோட்டோ போடக் கூடாதா என்று கேட்டாராம். கேட்டாரே தவிர, அந்தத் தட்டு உள்ளே வந்தபோது எதையும் வெளியே அனுப்பச் சொல்லவில்லை. மலாய் அண்டை வீட்டாருக்குக் காட்ட இரண்டு நாள் அதைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்திருந்தார். பதினோரு வருடம் தேடிய தட்டு கடைசியில் எங்கும் கிடைக்கவில்லை, அதைப் பாய் உண்டாக்க வேண்டியிருந்தது என்று எல்லாரிடமும் சொல்லித் திரிவது நான்தான். அவர் சொல்வதில்லை.

போன சனிக்கிழமை நானும் கடையில் இருந்தேன். குமரன் எல்லாருக்கும் முன்பே வந்துவிட்டிருந்தார். பட்டுத்துணியில் சுற்றிய ஒரு தட்டு அவர் மடியில் இருந்தது. அவருடைய சேகரிப்பிலேயே உச்சம், தலைகீழாக நின்றாலும் வெளியே வராது என்று நாங்கள் பேசிக்கொள்ளும் தட்டு. துணியை அவிழ்த்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"பாய், கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன். சரியாத்தான் இருக்கும். இருந்தாலும், ஜஸ்ட் டு பீ ஷுவர்."

பாய் வாங்கிக்கொண்டார். கீறலைப் படித்தார், ஊர் சொன்னார், வருடம் சொன்னார். தட்டை வைத்து ஊசியை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இருபத்திரண்டு நிமிடம். அறையில் இருந்த எட்டுப் பேரில் ஒருவரும் டர்ன்டேபிளைப் பார்க்கவில்லை. பாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நடுவில் ஒருமுறை புருவம் ஏறியது. குமரனின் கால் ஆடுவது நின்றது. புருவம் தானாக இறங்கிவிட்டது. பக்கம் முடிந்தது, ஊசி உள் வளையத்தில் டிக் டிக் என்று சுற்றியது.

"எப்படி பாய்?" என்றார் குமரன்.

கஃபார் பாய் கண்ணைத் திறந்தார். எழுந்தார். ஊசியைத் தூக்கினார். தட்டின் விளிம்பை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் பிடித்து எடுத்து, அதன் மேல் ஒட்டியிருந்த ஒரு தூசியை ஊதி, நிதானமாக மறுபக்கம் திருப்பிப் போட்டார்.